மயிற்பொறியிலிருந்து தொடங்கலாம்: குமரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி நிற்கும் காற்றாலைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். தோவாளையில் குடியிருக்கிறேன். படித்தது ஐ.டி.ஐ. பதினான்கு வயதில் என்னைப் பற்றிக்கொண்ட அறிவியல் புனைகதை வாசிப்பு இன்றுவரை விடவில்லை. ஐம்பது மீட்டர் ஏணியில் ஏறி, உச்சியில் நாசெல் என்று நாங்கள் சொல்லும் இயந்திர அறையில் வேலையை முடித்து இறங்கி, மதியச் சோற்றுக்குப் பின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து வாசித்த நூல்கள் ஏராளம். அந்த வாசிப்பு தந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவை இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்பதாம் வகுப்பில் படித்த என் மகன் கடந்த ஆண்டு பள்ளி மலருக்கு ஒரு கதை எழுதினான். கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால்தான் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது என்று பூகோளப் பாடத்தில் படித்தவன், அந்த வேறுபாடு மறைந்துபோனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்திருந்தான். ஆடி மாதத்தில் கணவாய்க்காற்று நின்றுவிடுகிறது. முப்பந்தலில் காத்தாடிகள் அசையாமல் நிற்கின்றன. பேச்சிப்பாறை அணை வற்றுகிறது. கன்னிப்பூ நெல் நடவு பொய்க்கிறது. என்னைப்போல் ஒருவர் வேலையிழக்கிறார். அந்தக் கதை, "கற்பனை மிகுதி, நீதி இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதே மாதத்தில் ஒரு நூலகத்தில் சுஜாதாவின் நாவல் ஒன்றைத் தேடி இலக்கிய அடுக்குகளை முழுவதும் பார்த்துவிட்டு, கடைசியில் அதை இயற்பியல் வினா-விடை நூல்களுக்கு நடுவில் கண்டெடுத்தேன். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் நாவல் மொழிபெயர்ப்பு ஒன்று சிறுவர் பகுதியில் படக்கதைகளோடு இருந்தது. எந்தப் பள்ளி, எந்த நூலகம் என்பது இங்கே தேவையில்லை. அந்த ஆசிரியரிடமும் நூலகரிடமும் எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய கைகளுக்கு இந்த இலக்கியம் உரிய முறையில் வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அறிவியல் புனைகதை தமிழ் இலக்கியத்துக்குப் புறத்தே நிற்கும் விருந்தாளி இல்லை. அதை உங்கள் வகுப்பறைக்கும் உங்கள் இலக்கிய அடுக்குக்கும் அழைத்து வாருங்கள். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தமிழாசிரியர்களிடம் பேசும்போது சீவக சிந்தாமணியிலிருந்து தொடங்குவதே முறை. பகைவர் சூழ்ந்த அரண்மனையிலிருந்து கருவுற்ற விசயையைத் தப்புவிக்கச் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை நீங்கள் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருப்பீர்கள். இயந்திரத்தோடு வாழ்பவன் என்ற முறையில் அந்தப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. திருத்தக்கதேவர் ஒரு மந்திரத்தைச் சொல்லி அந்த மயிலைப் பறக்கவிடவில்லை. பொறியை வலப்பக்கம் திருகினால் அது மேகத்தைக் கிழித்து மேலே எழுகிறது. இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கிக் கால்களைக் குவித்து நிற்கிறது. அரசி அதை ஓட்டிப் பழகுகிறாள். செய்தவன் ஒரு தொழில்வல்லுநன். விசைக்கு விதி உண்டு, ஓட்டுவதற்குப் பயிற்சி உண்டு, தரையிறங்கும்போது கால் என்ன ஆகிறது என்ற கவலைகூட உண்டு. 2019-இல் நிலவில் இறங்கும்போது சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் மோதி நொறுங்கியதும், 2023 ஆகஸ்ட் 23 அன்று, கால்கள் வலுப்படுத்தப்பட்ட அடுத்த கலம் பத்திரமாக இறங்கியதும் பிள்ளைகளுக்குத் தெரியும். சிந்தாமணிப் பாடலுக்குப் பக்கத்தில் இந்தச் செய்தியை வைத்துப் பாடம் நடத்தினால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்காது.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் வரும் "வலவன் ஏவா வானவூர்தி" என்ற தொடரை மேடைகளில் எடுத்துக்காட்டி, ஆளில்லா விமானம் அன்றே நம்மிடம் இருந்தது என்று முழங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பாட்டு, தமக்குரிய நல்வினைகளைச் செய்து முடித்துப் புலவர் பாடும் புகழ் பெற்றவர்கள் மேலுலகம் செல்லும் ஊர்தியைப் பாடுகிறது. ஓட்டுநர் இல்லாமல் தானே செல்லும் ஓர் ஊர்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மனத்தில் கண்டார் என்பதே எனக்குப் பெருமிதத்தைத் தருகிறது. அதற்கு மேல் ஒரு தொழிற்சாலையை அவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. குமரிக்கண்டத்துக்கும் இதுவே பொருந்தும். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கடல் ஊரைத் தின்னும் என்பதை 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் நாமே கண்ணால் கண்டோம். ஆனால் குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயர், லெமூர் என்னும் விலங்கின் வகைகளும் புதைபடிவங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் சூட்டியது. கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்பது உறுதியான பிறகு அந்த விளக்கத்துக்குத் தேவையே இல்லாமற்போனது. குமரிக்கண்டத்தை வரலாறு என்று மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம், "அப்படி ஒரு நிலம் இருந்திருந்தால் அங்கே மழை எப்படிப் பெய்திருக்கும், அவர்கள் எதை உண்டிருப்பார்கள், கடல் ஏறுவதை எந்தத் தலைமுறை முதலில் கவனித்திருக்கும்?" என்று கேட்டுக் கதை எழுதச் சொல்லுங்கள். கற்பனையைக் கற்பனை என்று தெரிந்தே ஆளப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் பொய்ச் செய்தியை எளிதில் நம்பாது. இந்த இலக்கியத்தை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நம் மாவட்டத்துக்கு ஏன் கூடுதலாகத் தேவை என்று சொன்னேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதன் பிறகே உலகம் இந்தக் கடற்கரையைத் திரும்பிப் பார்த்தது. அந்த மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. தோரியம்-232 பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான். காலில் ஒட்டிய மணலை உதறிவிட்டு வீட்டுக்குள் நுழையும் ஒரு பிள்ளை, உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரையான காலத்தைவிட நீண்ட ஒரு கடிகாரத்தை வாசற்படியில் உதறுகிறது. இந்த மணலால் யாருக்கு வருமானம், யாருக்கு நோய் அச்சம், கடற்கரை யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலநீளத்தை மனித வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும் ஒரு நல்ல கதையை அந்தக் கடற்கரையிலிருந்து நான் இன்னும் வாசிக்கவில்லை. வடகிழக்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கிறார்கள். கிழக்கே கூடங்குளத்தில் அணு உலைகள். மேற்கே 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பா. நடுவில் நாம் இருக்கிறோம். எதிர்காலம் நம் எல்லைக்கு வந்து பல காலம் ஆகிவிட்டது. நம் பிள்ளைகளின் கதைகளில் மட்டும் அது இன்னும் நுழையவில்லை.

ஒக்கிப் புயலைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க என்னால் இயலாது. 2017 நவம்பர் கடைசியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்குக் கரையில் தெரிந்த செய்தி எட்டவில்லை. கைப்பேசி கோபுரத்தின் வீச்சுக்கும் படகிலிருந்த கம்பியில்லாக் கருவியின் வீச்சுக்கும் அப்பால் அவர்கள் இருந்தார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் உறவினர்கள் தண்டவாளத்தில் அமர்ந்த நாளில் நானும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். என் மனைவியின் தங்கை கணவர் அப்போது கடலில் இருந்தார். பதினோராம் நாள் லட்சத்தீவுப் பக்கத்திலிருந்து பேசினார். அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒன்று திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. செவ்வாய்க்கு அனுப்பும் செய்தி போய்ச்சேர, கோள்களின் இடைவெளியைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். அந்த நிமிடங்களின் தவிப்பை வைத்து உலக மொழிகளில் எத்தனையோ கதைகள் எழுதப்பட்டுவிட்டன. செய்தி போய்ச் சேருமா என்றே தெரியாத பதினோரு நாளைக் கரையில் கழித்த பெண்களின் ஊரில், அந்தத் தவிப்பை விண்வெளிக் கதையாக எழுதத் தகுதியான பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கடற்புயலைப் பற்றி இந்திய மொழி ஒன்றில் எழுந்த மிகப் பழைய அறிவியல் கதைகளில் ஒன்று, கூந்தல் எண்ணெய் நிறுவனம் ஒன்று நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டது என்பதை உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1896-இல் அதை வங்காளத்தில் எழுதியவர் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ். கப்பலை விழுங்கவரும் புயற்கடலில் ஒருவர் ஒரு புட்டி எண்ணெயை ஊற்ற, அலை அடங்கிப் புயலே மறைந்துவிடுகிறது. எண்ணெய்ப் படலம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் என்ற உண்மையின் மேல் கட்டிய கதை அது. கம்பியில்லாத் தொடர்பை ஆராய்ந்த ஒரு பேராசிரியர் கதை எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை.

இனித் தமிழ் நூல்களுக்கு வருகிறேன். என் அத்தை வார இதழ்த் தொடர்களைக் கிழித்துப் பைண்டு செய்து வைப்பார். அவற்றில் ஒன்றாகத்தான் 'என் இனிய இயந்திரா' என் கைக்கு வந்தது. ஜீனோ என்ற நாய்க்குட்டி இயந்திரத்துக்காகவே அதை மூன்று முறை படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் மறுபடி படித்தபோதுதான், பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசின் அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து அந்தக் கதை தொடங்குகிறது என்பதன் கனம் எனக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் எண்ணும் அட்டையும் வாங்கிக்கொண்டிருக்கும் இன்றைய நாளில், பதினோராம் வகுப்பு மாணவர்கள் விவாதிக்க அதைவிடப் பொருத்தமான தமிழ் நாவல் எனக்குத் தெரியவில்லை. சுஜாதாவின் மொழியில் வேகம் மிகுதி, மனிதர்களின் ஆழம் குறைவு என்று கருதுகிறவன்தான் நான்; அந்தக் குறையையும் சேர்த்தே வகுப்பில் பேசலாம். நம் மாவட்டத்துக்காரரான ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்பில் வேறொரு வழியைத் திறந்திருக்கிறார். சித்த மருத்துவம் போன்ற நம் மரபின் அறிவுகளிலிருந்தே அறிவியல் கதையை எழுப்ப முடியும் என்பதை அக்கதைகள் காட்டுகின்றன. நாகர்கோவிலில் இருந்துகொண்டு அந்த நூலை வாசிக்காமல் ஒரு மாணவர் பள்ளிப் படிப்பை முடிப்பது எனக்கு வேதனையளிக்கிறது. மொழிபெயர்ப்புகளும் வேண்டும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008-இல் மறையும்வரை நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் வாழ்ந்தவர். தரையிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு மின்தூக்கியை அமைப்பது பற்றிய 1979-ஆம் ஆண்டு நாவலில், அது நிலநடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக அந்தத் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். அதே இலங்கை தென்திசையில் குறுக்கே நிற்பதால்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்கவே குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைகிறது. இப்படியொரு புவியியல் பாடத்தை எந்த வரைபடம் தரும்?

திரைப்படங்களைப் பற்றிப் பேசத் தமிழாசிரியர்கள் தயங்க வேண்டாம். பிள்ளைகள் கதையை அங்கிருந்துதான் முதலில் பெறுகிறார்கள். மனிதன் நிலவில் இறங்குவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1963-இல் வந்த 'கலை அரசி'யில், இசைக்கலை இல்லாத வேற்றுக்கோளிலிருந்து ஒரு பாடகியைத் தேடி வருகிறார்கள். எல்லா வசதியும் பெற்ற ஓர் உலகத்துக்கு என்ன குறையும் என்ற அந்தக் கேள்வி இன்றும் பழையதாகவில்லை. 'எந்திரன்' படத்தின் சண்டைகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் படம் தீ விபத்துக் காட்சியில் இருக்கிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அந்த இயந்திரம் அப்படியே தூக்கிவந்து காப்பாற்றுகிறது. நூற்றுக்கணக்கானோர் பார்வையில் கூசிப்போன அவள் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் மானத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்தார்கள். அந்தக் கேள்வியைத் தொட்ட படம் பிற்பாதியில் அதை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' அத்தனை பொருட்செலவு இல்லாமலே, தான் வகுத்த காலப்பயண விதியைக் கடைசிவரை மதித்தது. இந்த வகைக் கதைக்கு விதியை மதிப்பதே இலக்கணம். ஒரே ஒரு புதுமையை அனுமதித்துவிட்டு, மற்றதெல்லாம் நாம் அறிந்த உலகின்படியே நடக்க வேண்டும். யாப்பு நடத்தும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றாட வாழ்வைப் பார்க்கவும் இந்த வாசிப்பு கற்றுத்தருகிறது. பொத்தானைத் தட்டினால் இட்லி வந்து நிற்க வேண்டும் என்று நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் பாடினார். அது நடந்துவிட்டது. கைப்பேசியைத் தட்டினால் வடசேரியிலிருந்து இட்லி வருகிறது. கொட்டும் மழையில் அதைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற ஓர் இளைஞர். கலைவாணரின் பாட்டில் அவர் இல்லை. புதுமை வரும்போது அதைச் சுமப்பவர் யார் என்று கேட்பதே நல்ல அறிவியல் புனைகதையின் வேலை. குலசேகரம் பக்கத்தில் பால்வெட்டும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ரப்பர் மரத்தின் தாயகமான தென்னமெரிக்காவில் ரப்பர்த் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் பூஞ்சை இதுவரை ஆசியாவுக்கு வரவில்லை, ஒருநாள் வந்தால்? அந்தப் பிள்ளைகள் எழுதும் விடையில் மரம், கூலி, கடன், திருமணம் எல்லாமே வந்து சேரும்.

ஆண்டு விழாக்களில் மேலச் சரக்கல்விளையில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த இஸ்ரோ முன்னாள் தலைவர் சிவன் அவர்களையும், 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான மேலக்காட்டுவிளை நாராயணன் அவர்களையும் சுட்டிக்காட்டி, "இவர்களைப்போல் வர வேண்டும்" என்று பேசுகிறீர்கள். நானும் என் மகனிடம் அதைச் சொல்கிறேன். ஆனால் மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வையும் மட்டும் சொல்லி அனுப்பும்போது, வானத்தைப் பார்த்து வியக்கும் பருவம் அந்தப் பிள்ளைகளுக்கு வாய்க்காமலே போய்விடுகிறது. விண்வெளிக்குப் போகாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கும் அந்த வியப்பு உரியதுதான்.

ஆகவே நூலகர்களிடம் என் வேண்டுகோள்: இலக்கியப் பகுதிக்குள், நாவலுக்கும் சிறுகதைக்கும் பக்கத்தில், அறிவியல் புனைகதை என்று எழுதிய ஓர் அடுக்கை ஒதுக்குங்கள். தலைப்பில் அறிவியல் என்ற சொல் இருப்பதாலேயே ஒரு நாவலை இயற்பியலுக்குத் தள்ளிவிடாதீர்கள். தேடி வருகிறவர் அதை அங்கே பார்க்கவே மாட்டார். தமிழாசிரியர்களிடம்: மாதத்துக்கு ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். மயிற்பொறியில் தொடங்குங்கள். பள்ளி மலரில் இத்தகைய கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, நீதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், தான் வைத்த விதியைக் கதை மதிக்கிறதா என்று பாருங்கள். மதிக்கவில்லையென்றால் சிவப்பு மையில் அதை எழுதிக் கொடுங்கள். என் மகன் உட்பட எந்தப் பிள்ளையும் அதற்காக வருந்தாது, திருத்தி எழுதும்.

என் பங்குக்கு, முப்பது ஆண்டுகளில் சேர்த்த நூற்றறுபது நூல்கள் என்னிடம் இருக்கின்றன. அத்தையின் பைண்டு தொகுப்பைத் தவிர மற்ற அனைத்தையும், அப்படி ஓர் அடுக்கை முதலில் அமைக்கும் நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். நானே ஏற்றிவந்து, அட்டை போட்டு, பெயர் ஒட்டி அடுக்கியும் தருவேன். வகுப்பில் வந்து பேசச் சொன்னாலும் வருவேன். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் காற்று பலமாக இருக்கும், அப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இயலும். ஐப்பசியிலிருந்து எந்த நாள் சொன்னாலும் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
தோவாளையிலிருந்து ஒரு வாசகன்